மீடியம்காரருக்கு எட்டு சாம்பிள்

ஆண்கள் தண்ணீரில் இறங்கும்போது எதற்கெல்லாம் வெட்கப்படுவார்கள் என்பது பேட்டர்ன் அக்காவுக்கு அத்துப்படி. தொப்பை உள்ளவர்கள் ஷார்ட்ஸ் நாடாவை வயிற்றுக்குக் கீழே கட்டிக்கொண்டு, இடுப்பு அங்கேதான் இருக்கிறது என்று தங்களையே நம்பவைத்துக்கொள்வார்கள். ஒல்லியானவர்களுக்குத் தொடை தெரியக் கூடாது. இளவட்டங்களுக்கு எல்லாமே தெரிய வேண்டும், ஆனால் தெரியட்டும் என்று போட்டுக்கொண்டதாகத் தெரியக் கூடாது. இத்தனையையும் அவள் இருபத்திரண்டு வருஷமாகக் காகிதத்தில் வரைந்து, அட்டையில் வெட்டி, துணியில் பார்த்துவிட்டாள். சொல்லப்போனால் அலுத்தும் போய்விட்டது.

அவள் வேலை பார்த்த சாம்பிள் அறை தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் இருந்தது. அறையின் நீளத்துக்கு ஒரு வெட்டும் மேசை. அதன் ஒரு கால் குட்டை என்பதால் கீழே பழைய பேட்டர்ன் அட்டைகளை மடித்து வைத்திருந்தார்கள். சுவரோரம் தலையும் கையும் இல்லாத நான்கு டம்மிகள், ஸ்மாலில் இருந்து எக்ஸ்எல் வரை, ஆளுக்கொரு நீச்சல் ஷார்ட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றன. மேசைமேல் குனிந்து குனிந்து அவளுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருந்தது. சாயங்காலம் நிமிர்ந்தால் மளுக்கென்று சத்தம் கேட்கும். "அக்கா நிமிர்ந்தாச்சு, மணி அஞ்சரை" என்பாள் சாம்பிள் தைக்கும் பெண். குள்ளமாக, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு, மெஷினுக்குள் சுழலும் நூல் உருளையின் பெயரான பாபின் என்பதையே பெயராக வைத்திருந்தார்கள்.

நீச்சல் உடைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. சட்டைக்குப் பேட்டர்ன் போடக் கற்றுக்கொண்டு சேர்ந்தவள். சேர்ந்த மறு வருஷமே சட்டை ஆர்டர் நின்றுபோய், ஆண்களுக்கான நீச்சல் ஷார்ட்ஸ் ஆர்டர் வந்தது. அங்கே இருந்த மூன்று மாஸ்டர்களும் ஆண்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். ஆம்பளை உடம்பை அளப்பதில் ஆம்பளைகளுக்கு இருக்கும் கூச்சம் சொல்லி முடியாது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத அவள்தான், "குடுங்க, நான் பார்க்கிறேன்" என்றாள். அதற்கப்புறம் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டு, "கார்மெண்ட்ஸ்ல இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். எந்த கார்மெண்ட்ஸ் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நாத்தனாருக்கு இருந்த பயம், பாவம், உண்மையானது.

அந்த முதல் ஆர்டருக்கு உடுத்திப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் ஒருவர் இருந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு கிடப்பவர் என்பதால், வேலைக்குப் போகும் முன் பொது நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் நீந்திவிட்டுப் போவார். இடுப்பு முப்பத்திரண்டு, தொடை இருபத்தொன்று, எல்லாமே அளந்து செய்ததுபோல மீடியம். அவள் அவரைச் சமையலறையில் நிற்க வைத்து அளந்து, அந்த அளவிலேயே அடிப்படைப் பேட்டர்னை வரைந்தாள். இன்று வரை அந்தக் கம்பெனியில் மீடியம் என்றால் அவர் உடம்புதான். கடல் தாண்டி எந்தெந்தக் கரையிலோ, யார் யாரோ அவருடைய இடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தொழிற்சாலைக்கு அவர் வந்தால், "மீடியம்காரர் வந்திருக்கார்" என்றுதான் சொல்வார்கள். அவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

சாம்பிளைப் போட்டுப் பார்ப்பவர்களுக்குக் கம்பெனி ஒரு ஷீட் கொடுக்கும். இடுப்பு, முன்பக்கம், பின்பக்கம், நாடா, பாக்கெட் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போட்டு, கீழே குறிப்பு எழுத வேண்டும். அவர் மாதிரி கறாராக மார்க் போட்டவர் யாரும் இல்லை. முதல் சாம்பிளுக்கு அவர் எழுதிய ஷீட்டை அவள் வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தாள். "பாக்கெட்: 0. குதித்ததும் இரண்டு பக்கமும் காற்று நிரம்பி பலூன் ஆகிவிட்டது. முங்க முடியவில்லை. இதை வரைந்தவர் தண்ணீரையே பார்த்ததில்லை போலிருக்கிறது." வரைந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, அன்று அவருக்குக் காபி போட மறுத்துவிட்டாள். மறுநாள் பாக்கெட்டுக்கு அடியில் வலைத்துணி வைத்தாள்.

அப்படித்தான் அவள் தொழில் கற்றாள். நனைந்தால் பருத்தி நாடா ஊதி முடிச்சு இறுகும் என்பதை, அவர் குளத்துக் கழிப்பறை வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதைச் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். வெளிர் நிறத் துணிக்கு உள்பக்கம் இரட்டைத் துணி வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்ட நாளைப் பற்றி அவர் இரண்டு வாரம் பேசவே இல்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். அழகாக இருக்க வேண்டும், ஆனால் அழகு நனைந்த பிறகும் நிற்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் சொல்வாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், உலர்ந்த டம்மியில் மாட்டி அழகு பார்ப்பார்கள்.

பிறகு போன வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். கழிவு இனி அந்த வழியாகத்தான், ஆயுசுக்கும். முப்பத்திரண்டு இடுப்பு இருபத்தெட்டு ஆனது. லிஃப்ட் குழியில் இறங்கக் கூடாது என்பதால், லிஃப்ட் கம்பெனியில் அவரைப் புகார் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். "எந்த மாடியில நிக்குது? உள்ள ஆள் இருக்காங்களா?" என்று நாளெல்லாம் கேட்டுவிட்டு வருவார். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்பதில்லை.

நீந்தலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அடித்துச் சொன்னாள். பை தண்ணீருக்குத் தாங்கும், தையல் ஆறிவிட்டது, நீந்தினால் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு, "எல்லாரும் சட்டையைக் கழட்டிட்டு நிக்கிற இடம் அது" என்று மட்டும் சொன்னார்.

பேட்டர்ன் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. இதற்குத்தானே இருபத்திரண்டு வருஷம் குனிந்தது என்று தோன்றியது. அவரைத் திரும்பத் தண்ணீரில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் முகத்தில் பழைய ஆள் வர வேண்டும் என்றால் வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. சாதாரண ஷார்ட்ஸில் இலாஸ்டிக் சரியாக அந்தத் துளையின் மேல் போய் உட்காரும். ஆகவே இடுப்பைத் தொப்புளுக்கு மூன்று விரல் மேலே ஏற்றினாள். உட்கார்ந்தால் அது சுருண்டு மடங்கியது. பக்கவாட்டில் மெல்லிய பட்டை வைத்தாள். உள்ளே இடப்பக்கம் பையைத் தாங்க மென்மையான வலைத்துணியில் ஒரு உள்பை தைத்தாள். உலர்ந்திருக்கும்போது கச்சிதமாக இருந்தது, நனைந்ததும் தொங்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரைச் சமையலறையில் நிறுத்தி டேப் பிடித்து அளந்தாள். அவர் மரம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

மதிய இடைவேளையில் அவளும் பாபினும் மீடியம் டம்மியின் வயிற்றில் கால் லிட்டர் தண்ணீர் நிரப்பிய பையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, ஷார்ட்ஸ் மாட்டி, கீழே துணி அலசும் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய் முக்கினார்கள். டம்மி முங்காமல் துள்ளியது. இரண்டு பேரும் அதன்மேல் விழுந்து அமுக்கிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரைம்மா முக்குறீங்க?"

"என் வீட்டுக்காரரை" என்றாள் பேட்டர்ன் அக்கா. மூச்சு வாங்கியது. வாட்ச்மேன் மேற்கொண்டு விசாரிக்காமல் போய்விட்டார்.

முன்பக்கத்துக்கு அடர் நீலத்தில் அலை அலையாக ஒரு பிரிண்ட் தேர்ந்தெடுத்தாள். பை நிறைந்து கொஞ்சம் புடைத்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. தொடைப் பக்கம் குட்டையாக, இளவட்டங்கள் போடுவதுபோலவே வெட்டினாள். நோயாளி உடுப்பு மாதிரி இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். பாபின் ஒவ்வொன்றையும் தன் வேலைக்கு நடுவில் நேரம் திருடித் தைத்துக் கொடுத்தாள்.

முதல் சாம்பிளைக் கொடுத்த மறுநாளே அவர் காலையில் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் சமையலறை ஜன்னல் வழியாக அவர் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தொழிற்சாலையில் கழுத்து வலிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஷார்ட்ஸ் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஷீட் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஐந்து. குறிப்பில் "நன்றாக இருக்கிறது."

அவள் விடவில்லை. நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்க வேண்டும் என்று அடுத்தது, அதற்கடுத்தது என்று எட்டு மாதத்தில் எட்டு சாம்பிள். அவர் போனார், வந்தார், ஐந்து போட்டார். ஆனால் முகத்தில் பழைய ஆள் வரவில்லை. இன்னும் ஏதோ ஒரு தையல் சரியாக விழவில்லை என்றே அவள் நினைத்தாள். தூக்கத்தில்கூட இலாஸ்டிக்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது சாம்பிளின் பேட்டர்ன் மேசைமேல் கிடந்ததை மேனேஜர் பார்த்துவிட்டார். அவள் பயந்ததுபோல அவர் கோபப்படவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார், விவரம் கேட்டார், ஷீட்டுகளை எடுத்துவரச் சொன்னார். எட்டையும் வரிசையாக வைத்துப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலை அருமையா இருக்கு. இதை ஆர்டர் குடுக்கிற பையருக்கே காட்டலாம். இந்த மாதிரி ஆளுங்க எத்தனை பேர் தண்ணிப் பக்கமே போகாம இருப்பாங்க. ஆனா இந்த ஷீட்டைக் காட்ட முடியாதும்மா."

"ஏன் சார்?"

"எட்டு ஷீட்டு, எல்லாத்துக்கும் அஞ்சு. உங்க வீட்டுக்காரரா இதைப் போட்டாரு? அவர் ரெண்டுக்கு மேல போட்டு நான் பார்த்ததே இல்லையே. பாக்கெட்டுக்கு பூஜ்யம் போட்ட மனுஷனாச்சே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேட்டர்ன் அக்காவும் ஒப்புக்குச் சிரித்தாள். மேனேஜர் போன பிறகு தன் கைப்பையிலிருந்து எட்டாவது ஷார்ட்ஸை எடுத்து மேசைமேல் குப்புறப் போட்டு, விளக்கை இழுத்துக் கிட்டத்தில் வைத்தாள். குளத்துக்குப் போகிற உடுப்புக்குப் பின்பக்கம்தான் சாட்சி. சிமெண்டுக் கரையில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாலே துணியில் பிசிறு கிளம்பிவிடும். இதில் பின்பக்கம் கடையில் மடித்து வைத்ததுபோல வழவழவென்று இருந்தது. இடுப்பு இலாஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனாள். எத்தனை அலசினாலும் குளோரின் வாடை இலாஸ்டிக்கை விட்டுப் போகாது. அதில் வீட்டுச் சோப்பு வாசனை வந்தது.

இதைக் கண்டுபிடிக்கத் தனக்கு எட்டு மாதம் ஆனதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. வேறு யார் சாம்பிளாக இருந்தாலும் வாங்கியதும் முதல் வேலையாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்திருப்பாள். இதை மட்டும் பார்க்கவே இல்லை. ஷீட்டைத்தான் பார்த்தாள். அதில் ஐந்து இருந்தது, அதுவே வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பையை உடம்பில் ஒட்டும் வளையங்களுக்கு நடுவில் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை துளையின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். அதற்கு அவள்தான் பேட்டர்ன் அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக் கொடுத்திருந்தாள். அதை வைத்துக் கோடு போட்டு, சின்னக் கத்தரிக்கோலால் பொறுமையாக வெட்டுவார்.

"இன்னைக்குக் குளம் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு. தண்ணி கொஞ்சம் சில்லுன்னு."

அவள் எட்டாவது ஷார்ட்ஸை அவர் முன்னால் குப்புறப் போட்டாள். "இதுல ஒரு பிசிறு இல்ல. பீரோவுல இருக்கிற ஏழையும் இப்பதான் பார்த்துட்டு வரேன். எதுலயும் இல்ல. எட்டு மாசத்துல ஒரு தடவைகூடவா நீங்க கரையில உட்காரல?"

கத்தரிக்கோல் நின்றது. அவர் அந்த ஷார்ட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர். துணியிடம் பொய் எடுபடாது என்று அவருக்கும் தெரியும்.

"பாத்ரூம்ல நனைச்சுக் காயப் போட்டேன்" என்றார்.

"எட்டையுமா?"

"எட்டையும்தான்."

"அப்ப தினமும் துண்டைத் தூக்கிட்டு எங்கதான் போனீங்க?"

"குளத்துக்குத்தான். டிக்கெட் கவுண்டருக்கு வெளியில ஒரு பெஞ்சு இருக்கு. அங்க உட்கார்ந்துட்டு வருவேன். உள்ள குதிக்கிற சத்தம் கேட்கும்."

அவளுக்குக் கோபம் வந்தது. எதன்மேல் வந்தது என்று பார்த்தால், ஷீட்டின்மேல் வந்தது. வாழ்க்கை முழுக்க அந்த மார்க்குகளை நம்பித் துணி வெட்டியவள் அவள்.

"ஷீட்டுல பொய் எழுதலாமா நீங்க? பிடிக்கலைன்னா ஒண்ணு போடுங்க, பூஜ்யம் போடுங்க, எனக்கென்ன? நான் என்ன உங்ககிட்ட அஞ்சு கேட்டேனா?"

"கேட்டே" என்றார் அவர், தணிந்த குரலில். "வாயால கேட்கல. ஒவ்வொரு தடவையும் நீ அதை எடுத்துப் பார்க்கிறப்போ உன் முகத்தைப் பார்த்துட்டு என்னால ரெண்டு போட முடியல."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து நின்ற கால். "சரி, போனது போகட்டும். எதுல குறை? இடுப்பா, உள்பையா? பிரிண்ட் பிடிக்கலையா? சொல்லுங்க, சரி பண்ணிடலாம்."

"தையல்ல ஒரு குறையும் இல்ல."

"அப்புறம்?"

அவர் வெட்டி முடித்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பத்து மாசம் ஆகுது" என்றார். "இந்தப் பத்து மாசத்துல நீ என்னைத் தொட்டதெல்லாம் டேப்போடதான்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், ஒரு உதாரணமாவது சொல்லலாம் என்று மனசுக்குள் தேடினாள். குளிப்பதும் கட்டு மாற்றுவதும் அவரே பார்த்துக்கொண்டார், நர்ஸ் கற்றுக் கொடுத்திருந்தாள். தூங்கும்போது அவருக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று சொல்லி அவள் தனிக் கட்டிலுக்கு மாறியிருந்தாள். தட்டை நீட்டினாள், மாத்திரையை உள்ளங்கையில் போட்டாள். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் துளையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, உண்மை அதுதான். கையில் டேப் இருந்தால் பயம் இல்லை. அப்போது அது வயிறு இல்லை, அளவு. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், "அந்த ஷீட்டெல்லாம் செல்லாது சார். போடாமலே எழுதினது" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். எட்டு சாம்பிளையும் துவைத்து மடித்து, ஒவ்வொன்றோடும் ஒரு புது ஷீட் வைத்து ஆஸ்பத்திரி நர்ஸிடம் கொடுத்தாள், வேண்டியவர்களுக்குக் கொடுங்கள் என்று. மூன்று வாரத்தில் இரண்டு ஷீட்டுகள் வந்தன. ஒருவர் உள்பைக்கு இரண்டு போட்டு, அவசரத்துக்குத் திறக்க முடியவில்லை என்று கோபமாக எழுதியிருந்தார். பேட்டர்ன் அக்கா வெகுநாள் கழித்து ஒரு நல்ல செய்தியைப் படித்ததுபோல அதை இரண்டு தடவை படித்தாள். உள்பையின் வாயை அகலமாக்கி வரைந்து பாபினிடம் கொடுத்தாள். அந்த வேலை தன் பாட்டுக்கு நடந்தது.

வீட்டில்தான் எதுவும் நடக்கவில்லை. தொட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு தொடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு அவர் தோளில் கை வைத்தாள். அவர் திரும்பி, "என்ன, ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையை எடுத்துக்கொண்டாள். இன்னொரு நாள் கட்டிலைத் திரும்பப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். அவர் ஒரு கை பிடித்தார். பக்கத்தில் படுத்தவள், அவர் புரளும்போது பை சரசரக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். முதல் வாரம் உடம்பு விறைத்தது. இரண்டாவது வாரம் தூக்கம் ஜெயித்துவிட்டது. களைப்பு அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

காலையில் அவர் துண்டோடு போவது நிற்கவில்லை. எங்கே போகிறார் என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் அவள் ஜன்னலுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் அவர் வழக்கத்தைவிட அரை மணி நேரம் தாமதமாக வந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவரின் தலை ஈரமாக இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. அறைக்குள் குளோரின் வாடை அவருக்கு முன்னால் வந்து நின்றது. அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

அவர் பிளாஸ்டிக் பையிலிருந்து ஈர ஷார்ட்ஸை எடுத்துக் கொடியில் போட்டார். பச்சைத் துணியில் மஞ்சள் மஞ்சளாக அன்னாசிப் பழங்கள். அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அவள் தைத்ததில்லை, அவள் கம்பெனியிலும் தைத்ததில்லை. இப்படி ஒரு அன்னாசிப் பழத்தை அவள் உயிரோடு இருக்கும் வரை அனுமதித்திருக்க மாட்டாள்.

"இது எது?"

"கடையில வாங்கினேன். நேத்து."

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மட்டமான பாலியெஸ்டர், பாக்கெட்டில் வலைத்துணி இல்லை, இடுப்பு இலாஸ்டிக் சரியாகத் துளைக்கு நேராக வரும். எட்டு மாதம் அவள் எதையெல்லாம் தவிர்க்கப் பாடுபட்டாளோ அத்தனையும் ஒரே உடுப்பில் இருந்தது.

"இலாஸ்டிக் உறுத்தியிருக்குமே" என்றாள்.

"உறுத்திச்சு. அதனால கீழ இறக்கிக் கட்டிக்கிட்டேன்."

"அப்ப பை?"

"பாதி வெளியில தெரிஞ்சுது." அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "பக்கத்துல நீந்திட்டு இருந்தவர் என்னங்க அதுன்னு கேட்டார். சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டு அவர் பாட்டுக்கு நீந்தப் போயிட்டார். அவ்வளவுதான்."

"எத்தனை சுத்து?"

"ரெண்டு. மூணாவதுல மூச்சு வாங்கிடுச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, அவமானமா என்று பிரித்துப் பார்க்க முடியாத அழுகை. அவர் நீந்திவிட்டார், அது வேண்டும் என்றுதான் அவள் இருந்தாள். அந்த இரண்டு சுற்றிலும் அவளுடைய ஒரு தையல்கூட இல்லை.

"நான் தச்சதைப் போட்டுக்கிட்டு இறங்கியிருக்கக் கூடாதா?" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்டாள்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "நீ தச்சது ஒவ்வொண்ணும் எனக்காகவே தச்சது. போட்டதும் இடுப்பு ஒண்ணு சொல்லுது, உள்பை ஒண்ணு சொல்லுது. எனக்கு என்ன ஆயிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்குது. இதைத் தச்சவனுக்கு என்னைத் தெரியாது பார். போட்டுக்கிட்டு இறங்கிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷார்ட்ஸைத் திருப்பினாள். பின்பக்கம் பிசிறு கிளம்பியிருந்தது, உட்கார்ந்திருக்கிறார். நடுத் தையலை ஒற்றை நூலில் ஓட்டி விட்டிருந்தார்கள், அது ஒரு இடத்தில் வாயைத் திறக்கத் தொடங்கியிருந்தது.

"இது இன்னும் நாலு நாள்ல பின்னாடி கிழியும்" என்றாள்.

"கிழிஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கிறேன்."

"நல்லதா ஒரு தையல் மட்டும் போட்டுத் தரேன். வேற எதையும் தொட மாட்டேன்."

"வேணாம்."

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியிலேயே விட்டாள். அவர் பின்கழுத்திலிருந்து முதுகுக்குத் தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது, துண்டு படாத இடத்தில். இருபத்திரண்டு வருஷமாக அவர் குளத்திலிருந்து வந்து சொன்னதைக் கேட்டுத்தான் அவள் தண்ணீரை அறிந்திருந்தாள். அவர் நீந்தி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காலையில் சமையல், பிறகு பஸ், பிறகு மேசை.

"நாளைக்கு லீவு போடுறேன்" என்றாள். "நானும் வரட்டா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "எதைப் பார்க்க? தையலையா, என்னையா?"

உங்களைத்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் நம்பியதுபோல இருந்தும்விடுவார், ஐந்து மார்க் போடத் தெரிந்தவர். அவளுக்கு அப்படிச் சொல்ல மனசு ஒப்பவில்லை.

"ரெண்டையும்தான் பார்ப்பேன்" என்றாள். "முதல்ல கண்ணு எங்க போகும்னு என்னால சொல்ல முடியாது. இத்தனை வருஷப் பழக்கம்."

அவர் துண்டை அவளிடம் நீட்டி முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"ஆறு மணிக்குக் கிளம்பணும்" என்றார்.